வெப் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு யூனியன் எதற்கு?

கேள்வி (2025 டிசம்பர் 1)

"அண்ணே, சென்னையில ஒரு நியூஸ் வெப்சைட்ல மூணு வருஷமா சப்-எடிட்டரா இருக்கேன். ஆர்டர்ல 'கன்சல்டன்ட்'னு போட்டிருக்கு. நவம்பர் 21லேர்ந்து புதுச் சட்டம் வந்துருச்சு, டிஜிட்டல் ஆட்களும் இனிமே பத்திரிகையாளர்தான், சட்டமே பாத்துக்கும், யூனியன் கீனியன்லாம் பழைய காலம்னு எங்க டெஸ்க்ல ஒரு சீனியர் சொல்றார். நிஜமா?"

டிசம்பர் 1, இரவு 11.20

பாதி நிஜம். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் என்று நாங்கள் சுருக்கிச் சொல்கிற 1955ஆம் வருஷத்துச் சட்டம் அச்சுப் பத்திரிகைக்கு மட்டும் எழுதப்பட்டது. டி.வி.க்காரர் அதில் கிடையாது. வெப்சைட் என்ற வார்த்தையே அன்றைக்குக் கிடையாது. 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, போன மாதம் 21ஆம் தேதி அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. விழுங்கும்போது 'உழைக்கும் பத்திரிகையாளர்' யார் என்ற விளக்கத்தில் மின்னணு ஊடகத்தையும் டிஜிட்டல் ஊடகத்தையும் சேர்த்துக்கொண்டது. நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஏழு நாளில் ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும் என்ற பழைய விதிகள் இதிலும் இருக்கின்றன. உங்கள் ரோஸ்டரை எடுத்து ஒரு மாசம் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் சிரிப்பு வரும்.

பொய்யான பாதி, 'சட்டமே பாத்துக்கும்' என்பது. பழைய சட்டம் எங்களைப் பார்த்துக்கொண்ட லட்சணத்தை நாளைக்கு எழுதுகிறேன். கண் சொக்குகிறது.

டிசம்பர் 2

மஜிதியா கதை. தெரிந்தவர்கள் தாண்டிப் போங்கள்.

பழைய சட்டத்தில் ஊதியக் குழு என்று ஒன்று உண்டு. பச்சாவத், மணிசானா, மஜிதியா என்று குழுத் தலைவர் பேரை வைத்தே சம்பளத்தைச் சொல்வோம். 'உங்களுக்கு பச்சாவத் வருதா?' என்று கேட்டால் பொண்ணு பார்க்க வந்தவருக்கே புரியாது, எங்களுக்குப் புரியும். மஜிதியா குழுவின் பரிந்துரையை மத்திய அரசு 2011 நவம்பர் 11இல் அறிவிக்கை செய்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 பிப்ரவரி 7இல் பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, பரிந்துரை செல்லும், 2011இலிருந்து நிலுவையை நான்கு தவணையில் கொடு என்று தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ஈரோடு மாவட்டத்துக்காரர் என்பதால் எங்கள் டெஸ்க்கில் தனிச் சந்தோஷம். அன்றைக்கு ராத்திரி நிலுவைத் தொகையைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்காத ஆளே இல்லை.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழில் நைட் சப்-எடிட்டர். தீர்ப்பு வந்த கொஞ்ச நாளில் எச்.ஆரிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அரைப் பக்கப் படிவம். 'தற்போது பெற்றுவரும் ஊதியமே எனக்குத் திருப்தியளிக்கிறது, அதிலேயே தொடர விரும்புகிறேன்' என்று நான் சொல்வதாக அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். மேஜையில் ஏற்கெனவே வாங்கிய படிவங்கள் குப்புறக் கிடந்தன, மேலே ஒரு ஸ்டேப்ளர் பாரம். 'சைன் மட்டும் போடுங்க சார், தேதி போடாதீங்க' என்றார் அந்தப் பையன். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. குழுவின் பரிந்துரையில் 20(ஜே) என்று ஒரு பத்தி. பழைய சம்பளமே போதும் என்கிறவர் அறிவிக்கை வந்து மூன்று வாரத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அந்த மூன்று வாரம் 2011லேயே முடிந்துபோனது. தேதி ஏன் காலியாக இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

எனக்கு முன்னால் எங்கள் புரூஃப் ரீடர் நின்றார். ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. படிவத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பேனாவை வாங்கி, 'உதியம்' என்று இருந்ததை 'ஊதியம்' என்று திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

நானும் போட்டேன். எல்லோரும் போட்டோம். எங்கள் யூனிட்டின் சங்கச் செயலாளர் மூன்றாவது ஆளாகப் போட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

2017 ஜூன் 19இல் அதே உச்ச நீதிமன்றம், குழு நிர்ணயித்ததைவிடக் குறைவாகக் கொடுக்க 20(ஜே)யைக் காட்ட முடியாது, ஒப்பந்த ஊழியருக்கும் மஜிதியா உண்டு என்று தெளிவாகச் சொன்னது. எங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது! ஆனால் முதலாளிகள் மேல் அவமதிப்பு நடவடிக்கை கிடையாது. அவரவர் பழைய சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் தனித்தனியாக மனுப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தனித்தனியாக என்ற வார்த்தையில்தான் எல்லாம் போச்சு. எங்கள் பழைய ஆபீசில் மனுப் போட்ட ஒருவருக்கு, தமிழ் படிக்கத் தெரிந்தவரே இல்லாத ஊருக்கு மாற்றல் வந்தது. நான் அதற்குள் வேலையை விட்டிருந்தேன். மனுவும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

டிசம்பர் 2, சாயங்காலம்

'எல்லோரும் போட்டோம்' என்று எழுதியது தப்பு. பழைய நண்பர் போன் செய்து திட்டினார். ஊதியக் குழு பத்திரிகையாளருக்கு மட்டுமானதல்ல, பத்திரிகை நிறுவனத்தின் மற்ற ஊழியருக்கும் உண்டு. மெஷின் செக்‌ஷன் ஆட்களையும் கூப்பிட்டார்கள். அவர்கள் ஒருவராகப் போகவில்லை. ஒன்பது பேர் சேர்ந்து போய், 'வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு தர்றோம்' என்று படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவேயில்லை. கேட்டபோதெல்லாம், 'படிச்சுட்டிருக்கோம் சார்.'

இதை எப்படி மறந்தேன்? கட்டுரை எழுதுகிற நாங்கள் பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மை பூசின கைகள் மடித்து வைத்துக்கொண்டன. அவர்கள் ஒரே ஷிஃப்ட், ஒரே இடத்தில் சாப்பாடு, ஒரே வேனில் வீடு. காகித ரீல் மாட்டும்போது பக்கத்தில் இருப்பவனை நம்பாவிட்டால் விரல் போகும். நாங்கள் பக்கத்து ஸீட்காரன் எழுதிய தலைப்பை மாற்றுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

டிசம்பர் 4

கன்சல்டன்ட் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்ட தம்பி, மூன்று காகிதம் எடுத்து வையுங்கள். ஆர்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கில் வரும் 26ஏ.எஸ். படிவம். அதில் உங்கள் பணம் 'சம்பளம்' என்ற தலைப்பில் வருகிறதா, 194ஜே என்ற வரிப் பிரிவில் 10 சதவீதம் பிடித்து 'தொழில்முறைக் கட்டணம்' என்று வருகிறதா பாருங்கள். 194ஜே என்றால் கணக்குப்படி நீங்களும் டாக்டர், ஆடிட்டர் மாதிரி ஒரு தொழில்முறை ஆள். கிளினிக் மட்டும்தான் இல்லை. பி.எஃப். கிடையாது, கிராஜுட்டி கிடையாது, லீவு எடுத்தால் அன்றைய காசு கிடையாது.

ஆனால் டாக்டர் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு விரல் வைக்க வேண்டுமா? ஆடிட்டர் ஒரு நாளைக்குப் பதினான்கு ஸ்டோரி போட வேண்டுமா? ரோஸ்டர், வருகைப் பதிவு, லீவு கேட்டு அனுப்பிய மெயில், 'ஏன் லேட்' என்று வந்த பதில், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். காகிதத்தில் என்ன பேர் போட்டாலும், வேலை எப்படி வாங்கினார்கள் என்பதைத்தான் தொழில் தீர்ப்பாயம் பார்க்கும். ஆபீஸ் மெயிலில் வைத்திருக்காதீர்கள். வேலை போகும் அன்றைக்கு மதியமே மெயில் திறக்காது. எனக்குத் திறக்கவில்லை.

டிசம்பர் 5

முதல் நாள் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. தொழிலாளர் வழக்கு நடத்தும் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, 'ஒரு தொகுப்பை மட்டும் படிச்சிட்டு எழுதாதீங்க, தொழிலாளர் சட்டத் தொகுப்பு நாலு இருக்கு' என்றார்.

டிஜிட்டல் என்ற வார்த்தை இருப்பது பணிச்சூழல் தொகுப்பில். யூனியன், வேலைநிறுத்தம், வேலைநீக்கம் எல்லாம் வருவது தொழில் உறவுத் தொகுப்பில். அதில் 'தொழிலாளி' என்ற விளக்கம் உழைக்கும் பத்திரிகையாளரையும் சேர்த்துக்கொள்கிறது, சரி. யார் அந்தப் பத்திரிகையாளர் என்று பார்த்தால், '1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் சொல்லப்பட்டவர்' என்று கை காட்டுகிறது. அதாவது அச்சுப் பத்திரிகைக்காரர். ஊதியத் தொகுப்பிலும் இதே கதை. ஒரு தொகுப்பு அந்தச் சட்டத்தை ரத்து செய்கிறது, இன்னும் இரண்டு தொகுப்புகள் அதே சட்டத்தைப் போய்ப் பார் என்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் செத்துவிட்டார் என்று தம்பி சொல்ல, அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தங்கை சொன்ன மாதிரி.

நண்பர் இதற்கும் வழி சொல்கிறார். ரத்தான சட்டம் வேறு சட்டமாகத் திரும்ப இயற்றப்பட்டால், பழையதைச் சுட்டும் இடமெல்லாம் புதியதைச் சுட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொதுச் சரத்துகள் சட்டம், 1897இன் 8ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்து வாதாடலாம். தவிர, 'திறன் சார்ந்த, தொழில்நுட்ப, எழுத்தர்' வேலை செய்கிறவரும் தொழிலாளிதான் என்ற பொது விளக்கம் வழியாகவும் நுழையலாம். 'லாம்' என்று முடிகிற வாக்கியங்கள் எல்லாம் வக்கீல் பீஸ் என்று அர்த்தம்.

இன்னொன்று. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் 'தொழிலாளி' என்ற விளக்கத்துக்கு வெளியே. வெப் டெஸ்க்கில் ஏன் எல்லோரும் 'லீட்', 'மேனேஜர்', 'அசோசியேட் எடிட்டர்' என்று திரிகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்கும் கடைசியில் 'கன்டென்ட் மேனேஜர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். நான் மேனேஜ் செய்தது ஒரு எலிக்குட்டி மவுஸை. பட்டத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அங்கேயும் பார்ப்பது வேலையைத்தான்.

ஊதியக் குழுவைப் பற்றிக் கேட்டவருக்கு: அது போய்விட்டது. 1955ஆம் வருஷத்துச் சட்டம், பத்திரிகையாளர் ஊதியத்துக்கான 1958ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டும் ரத்து. இனி மஜிதியாவுக்கு அடுத்த பேர் கிடையாது.

டிசம்பர் 7

'அண்ணே, நீங்க வெப்ல இருந்தப்ப ஏன் ஆரம்பிக்கல?'

ஆரம்பித்தோம். நாலு நாள் உயிரோடு இருந்தது.

ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் எச்.ஆர்., எடிட்டர், முதலாளியின் மருமகன் எல்லோரும் இருப்பார்கள். அதனால் தனியாக ஒரு குழு. பேர் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று 'கல்யாண கிஃப்ட் வசூல்' என்று வைத்தோம். முதல் நாள் பதினொரு பேர். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ், வாரம் ஒரு லீவு, தேர்தல் நாளில் பதினாறு மணி நேரம் என்று ஆளாளுக்குக் கொட்டினார்கள். இரண்டாம் நாள், உண்மையிலேயே கல்யாணம் வைத்திருந்த ஒரு பையன் குழுவின் பேரை யார் போனிலோ பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டான். வேறு வழியில்லாமல் ஆளுக்கு ஐந்நூறு போட்டு மிக்ஸி வாங்கினோம். மூன்றாம் நாள் ஒருவர், 'எல்லாரும் சேர்ந்து ஒரு லெட்டர் கொடுத்தா என்ன?' என்று போட்டார். அன்றைக்குச் சாயங்காலமே ஸ்க்ரீன்ஷாட் எச்.ஆரிடம் இருந்தது. நான்காம் நாள் 'லெஃப்ட்', 'லெஃப்ட்', 'லெஃப்ட்' என்று வரிசையாக. கடைசியில் நானும் லெட்டர் யோசனை சொன்ன ஆளும் மட்டும். அடுத்த வாரம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. என்னுடையது இன்னும் எட்டு மாசம் ஓடியது. ஏன் என்னை விட்டார்கள் என்று தெரியாததால், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியது நான்தான் என்று அவர் இன்றுவரை நினைக்கிறார்.

யூனியன் தோற்ற கதை என்று இதை நான் சொல்வதில்லை. யூனியன் தொடங்கவே இல்லை. பதினொரு பேரில் நால்வர் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். இரண்டு பேரை நான் நேரில் பார்த்ததே கிடையாது. மெஷின் செக்‌ஷன் ஒன்பது பேருக்கு இருந்த வேனும் சாப்பாட்டு மேஜையும் எங்களுக்கு இல்லை. போனில் வந்த பச்சைக் குமிழை நம்பி ஒருவன் வேலையைப் பணயம் வைப்பானா?

டிசம்பர் 8

'அமெரிக்காவில் டிஜிட்டல் மீடியாவில் யூனியன் வந்துவிட்டது, நாம்தான் மோசம்' என்று ஒருவர். வந்தது உண்மை. 2015 ஜூனில் காக்கர் என்ற செய்தித் தளத்தின் ஊழியர்கள் ஓட்டெடுப்பு நடத்தி எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள், அதன்பின் வரிசையாகப் பல தளங்கள். ஆனால் 2017ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். நியூயார்க்கில் டி.என்.ஏ. இன்ஃபோ, கோதமிஸ்ட் என்ற செய்தித் தளங்கள் இரண்டிலும் ஊழியர்கள் யூனியனுக்கு ஓட்டுப் போட்டார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 2ஆம் தேதி, உரிமையாளர் ஜோ ரிக்கெட்ஸ் இரண்டு தளங்களையும் இழுத்து மூடினார். நூறு பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அன்றைக்குத் தளத்தைத் திறந்தால் மூடல் கடிதம் மட்டும்தான் வந்தது. அவர்கள் எழுதிய பழைய செய்திகளைக்கூடக் காணோம். பிறகுதான் திரும்ப வந்தன.

அச்சு இயந்திரத்தை அப்படி ஒரே நாளில் மூட முடியாது. விற்கவாவது ஆள் தேட வேண்டும். வெப்சைட்டை ஒரு பட்டனில் அணைத்துவிடலாம். டிஜிட்டல் யூனியன் பேசுகிறவர்கள் இதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

டிசம்பர் 12

ஒரு மாவட்டத்துப் பகுதி நேர நிருபர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அனுமதி கேட்டு, ஊர் பேர் இல்லாமல் போடுகிறேன்: 'உங்க சங்கம் இருந்த காலத்துல எங்களுக்கு என்ன செஞ்சீங்க? அப்ப நாங்க கன்சல்டன்ட்கூட இல்ல சார். வரிக்கு இவ்வளவு, விளம்பரம் பிடிச்சா கமிஷன். அடி வாங்கினா, 'இவர் எங்க நிருபர் இல்லை'ன்னு அறிக்கை.'

மூன்று நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். அவர் சொல்வது சரி. நான் யூனிட் கமிட்டியில் இரண்டு வருஷம் இருந்தேன். இவரைப் போன்ற பகுதி நேர நிருபர்களை, ஸ்டிரிங்கர்களை, சேர்க்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. 'அவங்களுக்கு இது முழு நேரத் தொழில் இல்லையே, ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார்' என்று சொன்னது நான்தான். அவர் ஏன் ஜெராக்ஸ் கடை வைத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. 1981இல் சட்டத்தைத் திருத்தியபோதே 'முழு நேரமோ பகுதி நேரமோ' என்று விளக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்குத் தெரியும். நிரந்தரம் என்ற எங்கள் நாற்காலியை விட மனசில்லை, அவ்வளவுதான். 'கன்சல்டன்ட்' என்று வெப்காரனுக்கு இன்று ஆர்டர் அடிக்கிறார்கள் என்றால், அந்த ஒத்திகை நடந்தது தாலுகா நிருபர்களை வைத்து. நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 13

லேசாக ஏதாவது எழுதுகிறேன், நேற்று பாரம் ஏறிவிட்டது.

பத்திரிகைக்காரனுக்கும் யூனியனுக்கும் ஒட்டாது என்கிறவர்களுக்கு: இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் பேர் பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் தொடங்கியபோது அதன் தலைவர் பி.பி. வாடியாவோடு கூட நின்றவர் திரு.வி.க. அப்போது அவர் 'தேசபக்தன்' ஆசிரியர். பகலில் பேப்பர், சாயங்காலம் மில் தொழிலாளர் கூட்டம். பின்னி மில்காரர்களுக்குச் சங்கம் வைக்கத் தெரிந்த பத்திரிகை ஆசிரியர் நமக்கு இருந்தார். பத்திரிகைக்காரர்களுக்கென்று அகில இந்தியக் கூட்டமைப்பு, ஐ.எஃப்.டபிள்யூ.ஜே., வர 1950 ஆயிற்று. ஊருக்கு உபதேசம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்து செய்த வேலை என்ன? இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவது. வெப் டெஸ்க் ரீரைட்டேதான். 'பாரதி சார், இன்னிக்கு உங்க ஸ்டோரி டாப் டென்ல வரல' என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 19

டாப் டென் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் நியூஸ் ரூம் சுவரில் பெரிய டி.வி. ஒன்று. இந்த நிமிஷம் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஓடும், கீழே எழுதியவர் பேர். என் பேர் மேலே ஏறினால் எனக்கே கூச்சமில்லாமல் சந்தோஷமாக இருக்கும். பேர் கீழே கிடப்பவன் பக்கத்து ஸீட். ஒரு மாசம் அந்த டி.வி.யைப் பார்த்தவனுக்கு பக்கத்து ஸீட்டோடு சேர்ந்து லெட்டர் எழுதத் தோன்றாது. கண்காணிப்பு மெஷின் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை அதன் பெரிய வேலை எங்களைப் பிரித்து உட்கார வைத்தது.

ஏ.ஐ. பற்றிப் பல பேர் கேட்டுவிட்டீர்கள். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, மெஷின் எழுதியதை 'இலக்கியப் பிரதி' என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். ஒப்பந்தம் போட எதிரில் ஒரு சங்கம் இருந்ததால் எழுதி வாங்க முடிந்தது. இங்கே ஒரு நண்பரின் டெஸ்க்கில் மொழிபெயர்ப்புக்கு ஏ.ஐ. வந்தது; ஆறு பேர் மூவர் ஆனார்கள்; மிச்சம் மூவரின் டார்கெட் இரண்டு மடங்கு. மெஷின் ஒரு அமைச்சரை இறந்தவர் ஆக்கிய அன்று மட்டும் 'யார் செக் பண்ணது?' என்று மனுஷனைத் தேடினார்கள்.

டிசம்பர் 28

எண்ணிக்கைக் கணக்கு, ரொம்பப் பேர் குழப்புகிறீர்கள். யூனியனைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க ஏழு பேர் போதும். ஆனால் அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ இருப்பவர்களில் 10 சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது, உறுப்பினராக இருக்க வேண்டும். எப்படியும் ஏழுக்குக் குறையக் கூடாது. தம்பியின் ஆபீசில் 64 பேர், ஆக ஏழு. அது பதிவுக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட யூனியன் இருக்கிற இடத்தில் நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம் என்ற அந்தஸ்துக்கு புதுத் தொகுப்பில் 51 சதவீதம் வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. முன்பு அது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த கட்டுப்பாடு, இப்போது எல்லோருக்கும்.

டிஜிபப் என்ற அமைப்பில் சேரலாமா என்று கேட்டவருக்கு: 2020இல் தொடங்கிய அது டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர்களின் அமைப்பு. தணிக்கைக்கு எதிராகப் பேசுகிறார்கள், நல்லது. உங்கள் நைட் அலவன்ஸைப் பற்றிப் பேச அங்கே போக முடியாது.

2026 ஜனவரி 6

தம்பி எழுதியிருக்கிறார். புதுத் தொகுப்பில் ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று இருப்பதைக் காட்டி, ஐந்து பேர் சேர்ந்து எச்.ஆரிடம் கடிதம் கேட்டார்களாம். குழு கிழு எதுவும் ஆரம்பிக்கவில்லை. ஷிஃப்ட் மாறும் மதியம் இரண்டு மணிக்கு, போகிறவர்களும் வருகிறவர்களுமாக நேரில் போய் நின்றிருக்கிறார்கள். சீனியர் வரவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாராம்.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறது. அதிலும் 'கன்சல்டன்ட்'தான். கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் தேதிக்குக் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறார்கள். படம் அனுப்பி, 'போடவா அண்ணே?' என்று கேட்கிறார்.

மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள், தம்பி. மற்ற நாலு பேரிடமும் சொல்லுங்கள். கேட்டால், படிச்சுட்டிருக்கோம்.